நிற்கக் கற்றுத்தரும் படம்: பில் மேசனின் கனூ பாடங்கள்

கனடாவின் தேசியத் திரைப்பட வாரியத் தளத்தில் நான்கு பழைய படங்கள் இலவசமாகக் கிடைக்கின்றன. 1977இல் வந்தவை. ஒவ்வொன்றும் அரை மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். பொதுத் தலைப்பு 'பாத் ஆஃப் தி பேடில்'. துடுப்பின் பாதை என்று வைத்துக்கொள்ளலாம். எடுத்தவர் பில் மேசன். இரண்டு படங்கள் தனியாக ஓட்டுபவருக்கு, மற்ற இரண்டு ஜோடியாக ஓட்டுபவர்களுக்கு. இரண்டிலும் முதல் படம் அடிப்படைப் பாடம், அடுத்தது பாறைகளுக்கு நடுவே நுரைத்துப் பாயும் நீருக்கான பாடம். 1980இல் இதே பெயரில் ஒரு புத்தகமும் எழுதினார்.

இந்தப் படங்களைக் குறைந்தது ஐந்து முறை பார்த்திருப்பேன். அப்புறம் ஆற்றில் இறங்கினேன். முதல் நாளே கவிழ்ந்தேன். படங்கள் மேல் எனக்குக் கோபம் ஒன்றும் இல்லை. அவை எதைச் சரியாகச் செய்கின்றன, எந்த இடத்தில் நம்மைக் கைவிடுகின்றன என்று யோசித்ததைத்தான் இங்கே எழுதி வைக்கிறேன்.

கனூ பற்றித் தெரியாதவர்களுக்கு ஒரு சின்ன விளக்கம். இரண்டு முனையும் கூராக, மேலே திறந்திருக்கும் நீளமான தோணி அது. ஒரு பக்கம் மட்டும் அலகு உள்ள துடுப்பால், பெரும்பாலும் முழங்காலிட்டு உட்கார்ந்து ஓட்டுவார்கள். கயாக் வேறு. அதில் மேல்பக்கம் மூடியிருக்கும், துடுப்புக்கு இரண்டு அலகு. திறந்திருப்பதுதான் கனூவின் வசதி, ஆபத்தும் அதுவே. ஓர் அலை உள்ளே வந்தால் போதும், தோணி தொட்டியாகிவிடும். பதினாறு அடி கனூ நிரம்பினால் பல நூறு கிலோ தண்ணீர். ஆற்றின் வேகத்தில் போகும் அந்த எடை உங்களுக்கும் ஒரு பாறைக்கும் நடுவே வரும்போது, நீங்கள் எந்தப் பக்கம் இருக்கிறீர்கள் என்பதுதான் கேள்வி.

கேமராவுக்குப் பிடித்த ஆபத்து

மேசனுக்கு முன் இன்னொரு படத்தைப் பார்த்துவிடுவோம். உலகில் பலருக்குக் கனூ என்றதும் நினைவுக்கு வருவது 1972இல் ஜான் பூர்மன் எடுத்த 'டெலிவரன்ஸ்'தான். ஜேம்ஸ் டிக்கியின் நாவலை வைத்து எடுத்தது. அட்லாண்டா நகரத்து ஆட்கள் நான்கு பேர், இரண்டு கனூக்களில், அணை கட்டி மூழ்கடிக்கப்படப் போகும் ஓர் ஆற்றில் இறங்குகிறார்கள். ஆறு கற்பனை. படம் எடுத்த இடம் ஜார்ஜியாவுக்கும் தென் கரோலினாவுக்கும் எல்லையாக ஓடும் சாட்டூகா ஆறு. நடிகர்களே பெரும்பாலும் துடுப்புப் போட்டார்கள். பர்ட் ரெனால்ட்ஸ் அருவியில் விழுந்து அடிபட்டது பிரபலமான கதை.

நல்ல படம்தான், சந்தேகமே இல்லை. ஆனால் அந்தப் படத்தில் ஆறு ஒரு கதாபாத்திரம். கோபப்படும், பழி வாங்கும். வில்மோஸ் ஜிக்மண்டின் கேமரா நுரையைத் தேடிப் போகிறது. எங்கே வெள்ளையாக இருக்கிறதோ அங்கே ஆபத்து என்று பார்வையாளர் மனதில் பதிகிறது. கூடவே இன்னொன்றும் பதிகிறது: அதைத் தாண்டுவது ஆண்மை. படம் வந்த பிறகு அனுபவம் இல்லாத பலர் சாட்டூகாவைத் தேடிப் போனார்கள். சிலர் உயிரோடு திரும்பவில்லை. மனிதனைக் கொல்லும் ஆறு என்று காட்டிய படம்தான் ஆட்களை அங்கே கூட்டி வந்தது. எச்சரிக்கையே விளம்பரமாக மாறும் வேலை சினிமாவில் ரொம்ப சுலபமாக நடக்கும்.

கேமராவுக்குப் பிடித்த ஆபத்தும் ஆளைக் கொல்லும் ஆபத்தும் பெரும்பாலும் ஒன்றாக இருப்பதில்லை. ஓடும் நீரில் ஆளைப் பிடிக்கும் விஷயங்களைப் பாருங்கள். ஆற்று வளைவில் சாய்ந்து கிடக்கும் மரம்: கிளைகளுக்கு நடுவே தண்ணீர் போய்விடும், ஆள் போக முடியாது. டீ வடிகட்டியில் தங்கும் தூள் மாதிரி. துடுப்புக்காரர்களும் அதை வடிகட்டி என்றுதான் சொல்கிறார்கள். அடுத்து, ஆள் உயரம்கூட இல்லாத, குறுக்கே நேர்கோடாகக் கட்டிய தடுப்பணை: மேலிருந்து வழியும் நீர் அடியில் இறங்கி, திரும்பவும் சுவரை நோக்கியே சுருண்டு வரும். அதில் விழுந்தவரை அது வெளியே விடாது. மேல்பக்கத்திலிருந்து வருபவருக்கு ஒரு வழுவழுப்பான கோடு மட்டும்தான் தெரியும். மூன்றாவது, முழங்கால் ஆழத் தண்ணீர்: அதில் நிற்கப் பார்த்து, கால் கல்லிடுக்கில் மாட்டினால், பின்னாலிருந்து தள்ளும் நீர் ஆளை முகம் குப்புறச் சாய்த்து அழுத்திவிடும். இதில் எதுவும் சுவரொட்டியில் போடும்படியான காட்சி இல்லை.

மேசன் கேமராவை எங்கே திருப்பினார்

மேசன் 1929இல் வினிபெக்கில் பிறந்தவர். 1988இல் இறந்தார். ஓவியர், படமெடுப்பவர், தீவிரக் கனூக்காரர். செஸ்ட்நட் நிறுவனத்தின் 'பிராஸ்பெக்டர்' என்ற மரமும் கித்தானும் சேர்ந்த கனூவை உலகத்துக்கே பரிந்துரைத்துக்கொண்டிருந்தார்.

1966இல் அவர் 'பேடில் டு தி சீ' என்று ஒரு குறும்படம் எடுத்தார். ஆஸ்கர் பரிந்துரை வரை போனது. ஒரு சிறுவன் மரத்தில் கனூ பொம்மை செதுக்கிப் பனியில் வைக்கிறான். பனி உருகி, ஓடையாகி, பெரிய ஏரிகள் வழியாக அந்தப் பொம்மை கடலுக்குப் போய்ச் சேருகிறது. அழகான படம். அந்தக் கனூ போகும் வழியை அது தீர்மானிப்பதில்லை, தண்ணீர்தான் தீர்மானிக்கிறது.

இங்கே நமக்குப் புறநானூற்றின் 192ஆம் பாட்டு நினைவுக்கு வரும். முதல் அடியை எல்லோரும் சொல்வார்கள். உள்ளே ஒரு மிதவை இருப்பது அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. கல்லில் மோதிப் பாயும் ஆற்றில் அந்த மிதவை நீரின் போக்கில் போகிறது. உயிரும் அப்படித்தான் ஊழின் வழி போகும் என்கிறார் கணியன் பூங்குன்றனார். வாழ்க்கைக்கு அது பெரிய உவமையாக இருக்கலாம். தோணிக்காரனுக்கு அது நேரான சாவு. ஓட்டத்தின் அதே வேகத்தில், அதன் போக்கிலேயே போகிற தோணியைத் திருப்புவது பெரும்பாடு. சுற்றியிருக்கும் நீரை விட வேகமாகவோ மெதுவாகவோ போனால்தான் போகும் வழியை நாம் தேர்ந்தெடுக்க முடியும்.

'பேடில் டு தி சீ' எடுத்த மனிதரே பதினோரு வருஷம் கழித்து எடுத்த 'பாத் ஆஃப் தி பேடில்' இதற்கு நேர் எதிர்ப் படம். பொம்மை போகட்டும், மனிதன் நிற்கக் கற்றுக்கொள்ள வேண்டும். இந்தப் பாடங்களின் மையம் என்று எனக்குத் தெரிவது இதுதான்.

எப்படி நிற்பது? பாறைக்குப் பின்னால் தண்ணீர் திரும்பி மேல்நோக்கி வரும். ஆங்கிலத்தில் எடி என்பார்கள். நான் 'எதிர்நீர்' என்று எழுதுகிறேன். பாய்ந்து ஓடும் ஆற்றுக்கு நடுவே அது ஒரு திண்ணை மாதிரி. உள்ளே நுழைந்துவிட்டால் உட்கார்ந்து மூச்சு வாங்கலாம், அடுத்த ஐம்பது அடியைப் பார்த்து முடிவெடுக்கலாம். புதிதாகப் பார்க்கிறவர் கண்ணில் பாறை என்பது தடை. மேசன் காட்டிய பிறகு பாறை என்பது பின்னால் இடம் வைத்திருக்கும் நண்பன். பார்வையை இப்படித் திருப்பிப் போடும் பாடப்படங்கள் குறைவு.

அதேபோல நீரின் மேற்பரப்பைப் படிக்கும் விதம். இரண்டு பாறைகளுக்கு நடுவே நீர் 'வி' வடிவில் குவியும். கூர்முனை நாம் போகும் திசையில் இருந்தால் அது வழி. கூர்முனை நம்மை நோக்கி இருந்தால் அந்த முனையில் ஒரு பாறை ஒளிந்திருக்கிறது. ஒரே வடிவம், திசை மாறினால் அர்த்தம் தலைகீழ். ஓடும் ஆற்றை வரி வரியாக வாசிக்கலாம் என்ற நம்பிக்கையை இந்தப் படங்கள் தருகின்றன.

இன்னொன்று, பின்னோக்கித் துடுப்புப் போட்டு ஆற்றைக் கடப்பது. முகம் போகும் திசையில்தான் இருக்கும். ஆனால் துடுப்பு பின்னோக்கி வேலை செய்யும். கனூவின் பின்முனையை எந்தக் கரைக்குப் போக வேண்டுமோ அந்தப் பக்கம் கொஞ்சம் சாய்த்துப் பிடித்தால், நீரே தோணியைப் பக்கவாட்டில் கொண்டு போய்விடும். ஆற்றை விட மெதுவாகப் போகிறோம், அதனால் பார்க்க நேரம் கிடைக்கிறது. ரேபிட்ஸ் நடுவே பிரேக் போடும் கலை இது. அதற்கும் முன்னால், கரையேறி நடந்து போய்ப் பார்ப்பது. பார்த்துப் பிடிக்கவில்லையென்றால் தோணியைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு சுற்றிப் போவது. மேசனிடம் இது தோல்வி இல்லை, இதுவும் பயணத்தில் ஒரு பகுதி.

இன்றைக்கு ஹெல்மெட்டில் மாட்டிய கேமராவில் எடுக்கும் வீடியோக்களோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அகலக் கோண லென்ஸ் சரிவைத் தட்டையாக்கிவிடும். பத்து நிமிஷம் கரையில் நின்று யோசித்தது வெட்டப்பட்டிருக்கும். இறங்குவது மட்டும் முப்பது விநாடி. பார்க்கிறவருக்கு "அட, இவ்வளவுதானா" என்று தோன்றும். மேசன் அந்தப் பத்து நிமிஷத்தைப் படமாக எடுத்தார்.

படம் முடியும் இடம்

இப்போது என் கதை. கிழக்கு ஒன்டாரியோவில் மடவாஸ்கா ஆற்றில் பால்மர் ரேபிட்ஸ் என்று ஓர் இடம். புதிதாகக் கற்பவர்கள் நிறைய வருவார்கள். ஜூன் தொடக்கத்தில் வார இறுதிப் பயிற்சி ஒன்றில் சேர்ந்தேன். பயிற்சி தந்த பெண்ணிடம் "இதையெல்லாம் படத்தில் பார்த்திருக்கிறேன்" என்று சொன்னதை நினைத்தால் இப்போதும் கூச்சமாக இருக்கிறது.

எதிர்நீருக்குள் நுழைவதுதான் முதல் பயிற்சி. கோட்டைத் தாண்டும்போது கனூவின் முன்முனையை எதிர்நீர் மேல்நோக்கி இழுக்கும், பின்முனையை ஓட்டம் கீழ்நோக்கித் தள்ளும். தோணி சட்டென்று திரும்பும். சைக்கிளில் வளைவுக்குள் சாய்வது போல, திரும்பும் பக்கமே சாய வேண்டும். இது எனக்குத் தெரியும். தாளில் வரைந்தே காட்டியிருப்பேன். ஆனால் தோணி திரும்பிய அந்த அரை விநாடியில் உடம்பு பயந்து எதிர்ப்பக்கம் சாய்ந்தது. எதிரே வந்த நீர் விளிம்பைப் பிடித்துக் கீழே இழுத்தது. நான் உள்ளே.

முதலில் குளிர். படத்தில் குளிர் தெரியாது. நாம் கிணற்றிலும் குளத்திலும் நீந்திப் பழகியவர்கள், தண்ணீர் குளிரால் ஆளை முடக்கும் என்பது நமக்கு உறைப்பதில்லை. விழுந்ததும் நம்மைக் கேட்காமலே மூச்சு உள்ளே இழுக்கும். அந்த நேரத்தில் வாய் தண்ணீருக்குள் இருந்தால் கதை முடிந்தது. மானிடோபா பல்கலைக்கழகத்தின் கார்டன் கீஸ்பிரெக்ட் பரப்பிய ஒரு கணக்கு உண்டு: 1-10-1. மிகக் குளிர்ந்த நீரில் மூச்சைச் சீராக்க 1 நிமிஷம், கை கால் உருப்படியாக வேலை செய்ய 10 நிமிஷம், உடல் வெப்பம் குறைந்து நினைவு தப்புவதற்குள் 1 மணி நேரம். அந்த முதல் நிமிஷத்தைக் கடக்க வைப்பது லைஃப் ஜாக்கெட். நீச்சல் தெரிந்தவருக்கும்தான்.

மூச்சு சரியாகும்போது தண்ணீர் முழங்கால் அளவுக்கு வந்திருந்தது. எழுந்து நின்றேன். கரையிலிருந்து அந்தப் பெண் "கால்! கால்!" என்று கத்துவது கேட்டது. ஓடும் நீரில் நிற்கக் கூடாது, மல்லாந்து, கால் விரல்களை மேலே தூக்கி, பாதம் போகும் திசையில் இருக்க மிதக்க வேண்டும் என்பதும் எனக்குத் தெரியும். வலது கால் இரண்டு கல்லுக்கு நடுவே இறங்கியது. நல்லவேளை, வந்துவிட்டது. ஷூ மட்டும் வரவில்லை.

கரையில் அவர் கோபப்படவில்லை. "ஓடுற தண்ணியில நிக்கக் கூடாதுன்னு உங்களுக்குத் தெரியாதா?" என்று கேட்டார். "தெரியும்" என்றேன். "தெரிஞ்சும் ஏன் நின்னீங்க?" பதில் இல்லை. அன்றைக்கு மீதி நேரம் துடுப்பே கிடையாது. அதே இடத்தில் எங்கள் குழுவை ஐந்து முறை குதித்து மிதக்க வைத்தார், கீழே ஒருவர் கயிற்றுப் பையோடு நிற்க. ஐந்தாவது முறைதான் கால் தானாக மேலே வந்தது.

மேசனின் படங்கள் மேல் என் முதல் விமர்சனம் இதுதான். அவற்றின் பெரும்பகுதி துடுப்பு வீச்சுகளுக்கும் நீரைப் படிப்பதற்கும் போகிறது. அவர் கை அவ்வளவு லாகவமாக வேலை செய்கிறது, பார்த்துக்கொண்டே இருக்கலாம். அந்த அழகே பார்வையாளரை ஏமாற்றுகிறது. பார்த்ததைக் கற்றதாக மனம் எடுத்துக்கொள்கிறது. ஆனால் ஓடும் நீரில் காப்பாற்றும் அசைவுகள் பலவும் இயல்பான அசைவுக்கு எதிரானவை. நிற்கத் தோன்றும் இடத்தில் மிதக்க வேண்டும். பாறையில் தோணி பக்கவாட்டில் மோதும்போது விலகத் தோன்றும், ஆனால் பாறையை அணைப்பது போல அதன் பக்கம் சாய வேண்டும். விலகிச் சாய்ந்தால் மேல்பக்க விளிம்பு தாழ்ந்து தண்ணீர் ஏறி, கனூ பாறையைச் சுற்றி மடங்கிவிடும். நீரின் வேகம் இரண்டு மடங்கானால் அது தள்ளும் விசை நான்கு மடங்காகும். மனித பலம் அங்கே எடுபடாது. இந்த எதிர் அசைவுகளைக் கண் வழியாக ஏற்ற முடியாது. உடம்பில் பல முறை நடந்தால்தான் ஏறும்.

தனியாக ஒருவர், கூடவே ஒரு கேமரா

இரண்டாவது விமர்சனம் 1984இல் வந்த 'வாட்டர்வாக்கர்' பற்றியது. மேசனின் முழுநீளப் படம். புரூஸ் காக்பர்னின் இசை, சுப்பீரியர் ஏரி, சிவப்புக் கனூ, ஓவியம் வரையும் மனிதன். பலர் இதைத்தான் அவருடைய உச்சம் என்பார்கள். எனக்கும் பிடிக்கும். ஆனால் இதன் வசீகரம் முழுக்கத் தனிமையில் இருக்கிறது. காட்டில் ஒற்றை மனிதன், அவனுக்கும் தண்ணீருக்கும் நடுவே யாரும் இல்லை.

உண்மையில் யாரோ இருக்கிறார்கள். அவர் ரேபிட்ஸில் இறங்குவதை எதிர்க்கரையிலிருந்து ஒருவர் படம் பிடிக்கிறார். படத்துக்குள் தனிமை, படப்பிடிப்பில் துணை. பார்க்கிறவர் எடுத்துக்கொண்டு போவதோ படத்துக்குள் இருப்பதை. அமெரிக்கன் ஒயிட்வாட்டர் அமைப்பு 1959இலிருந்தே வைத்திருக்கும் பாதுகாப்பு நெறிகள் தனியாகப் போவதை ஊக்குவிப்பதில்லை. குறைந்தது மூன்று பேர், அல்லது இரண்டு தோணிகள் வேண்டும் என்கின்றன. பாறையில் கால் மாட்டியவர் தன்னையே விடுவித்துக்கொள்வது அரிது. கயிறு எறிய ஒரு கை வேண்டும். என் ஷூ போன அன்று, கால் வராமல் இருந்திருந்தால், கரையில் நின்ற அந்தப் பெண்தான் எனக்கும் தண்ணீருக்கும் நடுவே இருந்த ஒரே விஷயம்.

மேசன் அளவுக்குத் தேர்ந்தவர் தனியாகப் போகலாமா என்பது வேறு கேள்வி. ஆனால் 1977இல் ஆசிரியராக இருந்தவர் 1984இல் கவிஞராகிவிடுகிறார். ஆசிரியர் சொன்னதைக் கவிஞர் மறக்க வைக்கிறார். 'டெலிவரன்ஸ்' பயத்தைக் காட்டி ஆட்களை ஆற்றுக்கு இழுத்தது. 'வாட்டர்வாக்கர்' அமைதியைக் காட்டி இழுக்கிறது. இரண்டு படமும் கரையில் கயிற்றோடு நிற்பவரைக் காட்டுவதில்லை.

அப்போ இந்தப் படங்களைப் பார்க்கலாமா?

தாராளமாகப் பார்க்கலாம். வரிசை மட்டும் முக்கியம். பாயும் நீருக்கான இரண்டு பாடப்படங்களையும் பயிற்சிக்கு முன் ஒரு முறை பாருங்கள். நீரின் பெயர்களும் வடிவங்களும் தெரிந்திருந்தால் பயிற்சியாளர் சொல்வது உடனே புரியும். பிறகு ஆற்றில் இறங்கி, முதலில் தோணி இல்லாமல், லைஃப் ஜாக்கெட்டும் ஹெல்மெட்டும் போட்டு, கீழே கயிற்றோடு ஆள் இருக்க, மிதந்து பழகுங்கள். கவிழ்ந்தால் தோணிக்கு மேல்பக்கம் இருக்க வேண்டும், தோணிக்கும் பாறைக்கும் நடுவே ஒருபோதும் சிக்கக் கூடாது. வடிகட்டி மரத்தையும் தடுப்பணையையும் முயன்று பார்க்க வேண்டாம், தூரத்திலேயே கரையேறிவிடுங்கள். அதற்கெல்லாம் பிறகு திரும்ப வந்து படத்தைப் பாருங்கள்.

நான் அப்படித்தான் ஆறாவது முறை பார்த்தேன். முன்பு அவருடைய துடுப்பை மட்டும் பார்த்த இடத்தில் இப்போது அவருடைய முழங்கால்களைப் பார்த்தேன். எதிர்நீருக்குள் நுழையும்போது எந்த முழங்காலில் எடை இறங்குகிறது என்று தெரிந்தது. படத்தில் அது முதலிலிருந்தே இருந்திருக்கிறது. எதிர்நீருக்குள் வந்ததும் கனூ நிற்கிறது. மேசன் உடனே கிளம்பிவிடவில்லை. கொஞ்ச நேரம் கீழே ஆற்றைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்.